பாதித் தையல்

பொட்டளவு மூன்று துளை போட்டு, கேமராவும் கத்தியும் விட்டு, பேத்தியின் பித்தக் குழாய் வீக்கத்தை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோதே தாத்தாவுக்கு நம்பிக்கையில்லை. சாவித் துவாரம் வழியாக வீட்டுக்கு வெள்ளையடிக்கிற கதையாக இருந்தது அவருக்கு.

ஆபரேஷனுக்கு உள்ளே போன டாக்டர் சீக்கிரமே வெளியே வந்தார்.

"பெரியவரே, குழந்தைக்கு இதுக்கு முன்னாடி எங்க ஆபரேஷன் பண்ணீங்க?"

"எங்கேயும் இல்லையே."

"வீக்கத்தை யாரோ ஏற்கெனவே எடுத்துட்டாங்க. குழாயைக் குடலோட சேர்த்துப் பாதி தச்சிருக்கு. யார் வேலைன்னு தெரியாம நான் கை வைக்க முடியாது."

"நேத்து நீங்க எடுத்த ஸ்கேன்ல வீக்கம் இருந்துச்சே? வயித்துல பழைய கீறல் ஒண்ணாவது உண்டா?"

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஆனால் குழந்தையின் அம்மாவான மகள் அப்பாவைத்தான் முறைத்தாள்.

"கண்ட வைத்தியன்கிட்ட தூக்கிட்டுப் போனீங்களாப்பா? சொல்லித் தொலைங்க. அந்தத் தையல் பிரிஞ்சா பிள்ளை பிழைக்காது."

"போனேன்னு பொய் சொன்னா மீதியைத் தச்சுடுவாரா? சரி, போனேன். தைக்கச் சொல்லு!"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்து பேத்தியின் அறைக்குப் போனார். அங்கே வேறு யாருமில்லை. மயக்கம் தெளிந்த குழந்தை, மஞ்சள் பூத்த கண்களைத் திறந்தபடி, பலகை மாதிரி விறைத்துக் கிடந்தாள்.

"ஏண்டி தங்கம், வலிக்குதா?"

"சத்தம் போடாதீங்க தாத்தா." உதடு அசையாமல் சொன்னாள். "இன்னும் கொஞ்சந்தான் பாக்கியாம். தைச்சு முடிக்கிறவரைக்கும் நான் ஆடக் கூடாதாம்."

தாத்தா கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, அவள் அசையாதபடி இரண்டு காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.