கிளாக்கர் வாசித்த மார்க்குகள்

"கிளாக்கரையா, பய ரிப்போட்டு கொண்டாந்திருக்கான். உள்ளதை உள்ளபடி வாசிச்சுச் சொல்லுங்க."

தேயிலைக் கொழுந்து நிறுத்து முடித்த கையோடு தோட்டத்து ஆபீசுக்கு வந்திருந்தார் கங்காணி வீரய்யா. பின்னால் மகன் ராஜலிங்கம். கண்டியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஃபோம் படிக்கிறவன், சித்திரை லீவுக்கு அன்றுதான் ஹேவாஹெட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தான். அது முப்பத்திநாலாம் வருஷம்.

கங்காணி ரிப்போட்டைப் பிரித்து, படம் பார்க்கிறவர்போல் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நீட்டினார். சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிற மனிதர் அதில் என்னத்தைப் பார்க்கிறார் என்று கிளாக்கர் செல்லப்பாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

"இரும் கங்காணி," என்றார் செல்லப்பா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பையனை விட்டால் அந்தத் தோட்டத்தில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் வெள்ளைக்காரத் துரையும். துரையிடம் போய் மகனுடைய மார்க்கைக் கேட்க எந்தக் கங்காணிக்கும் தைரியம் வராது.

"பெரிய மாஸ்டர் சொல்லிட்டாருங்க. வருசக் கடைசில கணக்குலயும் இங்கிலீசுலயும் நல்ல மார்க்கு இருந்தாத்தான் சீனியர் வகுப்புக்கு எடுப்பாங்களாம். சீனியர் பாஸானாத்தான் கொழும்புல காலேஜாம். இவனுக்கு ஏறாதுன்னா இப்பவே சொல்லிருங்க. நாளைக்கே தலைப்பாவைக் கட்டிவிட்டு விடியக்காலைப் பெரட்டுக்கு இழுத்துட்டுப் போறேன். கூலியாப் பேர் கொடுத்துட்டு மலை ஏறட்டும்."

செல்லப்பா ரிப்போட்டைப் பார்த்தார். கணக்கு இருபத்திரண்டு. இங்கிலீஷ் முப்பத்தொன்று. நிமிர்ந்தபோது பையனின் முகம் கண்ணில் பட்டது. பார்த்திருக்கக் கூடாது.

செல்லப்பா கண்டிப்பான மனிதர். வேலை நாள் குறிக்கிற செக்ரோலில் ஒருவருக்கு அரைநாள் பேர்கூடக் கூட்டி எழுதாதவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து அன்று வந்தது இதுதான்:

"கணக்கு அறுபத்திரண்டு. இங்கிலீஷ் ஐம்பத்தொன்று. பறவாயில்லை, பெடியன் கெட்டிக்காரன்தான்."

கங்காணி மகனை ஒருமுறை பார்த்தார். "அப்படிங்களா. சந்தோசமுங்க," என்று கட்டைவிரலை மையில் தோய்த்து, பெற்றோர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் அழுத்தினார்.

அவர் படி இறங்கியதும் செல்லப்பா பையனை நிறுத்தினார்.

"உன்ரை அப்பருக்கு நான் இண்டைவரைக்கும் பொய் சொன்னதில்லை. இன்னொருக்கால் சொல்ல வைக்காதை, விளங்குதோ?"

ராஜலிங்கம் ரிப்போட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினான். தலையை நிமிர்த்தவில்லை.

மகன் அறுபத்திரண்டு வாங்கியதைக் கங்காணி தோட்டத்தில் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அதுதான் செல்லப்பாவுக்கு ஆச்சரியம். புதுக் கோட்டு ஒன்று தைத்தாலே மூன்று தோட்டத்துக்குத் தெரியப்படுத்துகிற மனிதர் அவர்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பது ஆகஸ்டில் அடுத்த ரிப்போட்டு வந்தபோது செல்லப்பாவுக்கு விளங்கியது. கணக்கு நாற்பத்தொன்று, இங்கிலீஷ் நாற்பத்தேழு. பையன் உண்மையில் முன்னேறியிருந்தான். ஆனால் உள்ளதைச் சொன்னால், அறுபத்திரண்டில் இருந்தவன் நாற்பத்தொன்றுக்குச் சறுக்கிவிட்டான் என்றல்லவா ஆகும்? அப்புறம் பெரட்டுத்தான்.

"கணக்கு அறுபத்திநாலு," என்றார் செல்லப்பா, கங்காணியின் முகத்தைப் பாராமல். "இங்கிலீஷ் ஐம்பத்தைந்து."

"ஏறியிருக்கானுங்களா?"

"ஓம், ஏறியிருக்கிறான்."

அது ஒன்றுதான் அன்று அவர் சொன்ன உண்மை.

பிறகு நான்கு மாதம் செல்லப்பாவுக்கு நிம்மதி போயிற்று. சொந்தப் பிள்ளையின் பரீட்சைக்குக்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை. அவர் வாய் என்ன சொன்னாலும், சீனியர் வகுப்பில் இடமில்லை என்று பள்ளிக்கூடம் பையனைத் திருப்பி அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பையனுக்குப் பெரட்டு. அவருக்கு மானக்கேடு. இந்த வம்பு நமக்கு எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

டிசம்பர் மழையில் அப்பனும் மகனும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். கங்காணி வழக்கம்போல் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு ரிப்போட்டை நீட்டினார். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

செல்லப்பா வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, உள் அறையில் இருக்கிற துரைக்கே கேட்கும்படி வாசித்தார்.

"கணக்கு அறுபத்தெட்டு. இங்கிலீஷ் அறுபத்தொன்று. சீனியர் வகுப்புக்கு எடுத்துப்போட்டாங்கள், கங்காணி."

கங்காணி கைநாட்டை வைத்தார். விரலில் இருந்த மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க, கிளாக்கரையா. இந்தத் தவணைதான் நீங்க சொல்றதும் கடுதாசில இருக்கிறதும் ஒண்ணா இருக்கு."

செல்லப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்கு... இங்கிலீஷ் தெரியுமோ?"

"எழுத்துத் தெரியாதுங்க. ஆனா இருபது வருசமா கொழுந்துத் தராசு முள்ளைப் பார்க்கிறவன். இருபத்திரண்டுக்கும் அறுபத்திரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா?"

"பிறகேன் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீர்?"

கங்காணி மகன் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் அடிச்சா, வாங்கிக்கிட்டு ரெண்டு தட்டுச் சோறு திங்கிற பய. நீங்க இவனுக்காகப் பொய் சொன்ன அன்னைக்கு, தட்டைத் தொடவே இல்லைங்க."