கன்றைத் திட்டுவது எப்படி

ஒரு தொழுவத்தில் பசுவும் எருமையும் பக்கத்துப் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தன. மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்காரர்கள் பசுவுக்கு மாலை போட்டு, கூடவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எருமையை யாரும் கூப்பிடவில்லை.

பசுவுக்கு மனசு கேட்கவில்லை. "மனுஷங்க நிறம் பார்ப்பாங்கக்கா. நான் ஒருநாளும் பார்த்ததில்லை," என்றது.

எருமை வைக்கோலை மென்றபடியே கேட்டது. "உன் கன்னுக்குட்டி சேட்டை பண்ணினா எப்படித் திட்டுவே?"

"எல்லாரும் திட்டுற மாதிரிதான். எருமை மாடேன்னு..."

பசு அத்தோடு நிறுத்திக்கொண்டது. வராத ஈயை வாலால் விரட்டியது. "அது சும்மா வாயில வர்றது, அக்கா," என்றது.

"தெரியும். என் கன்னும் அதைக் கேட்டுத்தான் வளருது."



சாயங்காலம் அதன் கன்று தண்ணீர்த் தொட்டிக்குள் காலை விட்டுக் கலக்கியது. பசு ஆத்திரத்தோடு வாயைத் திறந்தது. எருமை ஓரக்கண்ணால் பார்த்தது. பசு வாயை மூடி, கொஞ்சம் யோசித்து, மறுபடி திறந்தது.

"டேய் பசுமாடே, காலை எடுடா."

கன்று காலை எடுக்காமல் திரும்பிப் பார்த்தது.

"திட்டுறியாம்மா, கொஞ்சுறியா?"