பொரி போட்ட கை

“பாருங்க சிக்கந்தர், ஈரலா இது? வெண்ணெய்க் கட்டி!”

அறுத்த கட்லா மீனின் வயிற்றைக் கத்தி முனையால் விலக்கிக் காட்டினார் மீன்வள நிபுணர் சிவக்குமார். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த அந்த மீன் பண்ணையில் கொஞ்ச நாளாக மீன்கள் செத்து மிதந்தன. இப்படியே போனால் அறுவடைக்குத் தண்ணீர்தான் மிஞ்சும் என்று பண்ணைக்காரர் சிக்கந்தர்தான் அவரை வரவழைத்திருந்தார்.

“மாவுச்சத்து அளவுக்கு மேல போனா மீனுக்குத் தாங்காது. அம்புட்டும் கொழுப்பா மாறி ஈரல்ல போய் உக்காந்துக்கும். யாரோ பொரி போட்டிருக்காங்க.”

சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். சிக்கந்தரோ அசந்துபோனார். ஈரலைப் பார்த்தே பொரி என்று சொல்கிறாரே! படிப்பு என்றால் இதுவல்லவா படிப்பு!

“வேற யாரு, உங்க காவக்காரன்தான். மொதல்ல அவனை வேலையவிட்டுத் தூக்குங்க.”

காவல்காரர் சோலையின் முகம் செத்துப்போனது. “புள்ளைக மேல சத்தியமா நான் இல்லண்ணே. வாராவாரம் சனிக்கிழமை தீவனம் வாங்கப் போயிட்டு வந்து பாத்தா, கரையோரம் பொரி மெதக்குது.”

“திருடன் எவன்யா ஒத்துக்கிட்டான்?” என்று சீறினார் சிவக்குமார்.

சிக்கந்தருக்கு மனசு கேட்கவில்லை. “இன்னைக்கும் சனிக்கிழமைதான சார்? மறைஞ்சிருந்து பாத்துருவோம். டீயக் குடிங்க, சாட்சிக்கு நீங்களும் இருங்க.”

“எனக்கு டீயெல்லாம் வேணாம், சீனி ஆகாது. வேலை கெடக்கு, நான் போறேன்.”

சிவக்குமார் போனை எடுத்து யாரையோ அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். இம்புட்டுப் பெரிய மனிதருக்கு எத்தனை வேலையோ என்று மரியாதையோடு நினைத்துக்கொண்டே, சிக்கந்தர் அவர் கையைப் பிடித்து மோட்டார் அறைக்குப் பின்னால் இழுத்துப் போனார். சோலையும் பின்னாலேயே ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கிய பெண் பை நிறையப் பொரியோடு கரைக்குப் போய், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு அள்ளி அள்ளிப் போட்டாள்.

“மாட்டிக்கிட்டீகளா! யாரும்மா நீங்க?” என்று பாய்ந்தார் சிக்கந்தர்.

அவள் கொஞ்சமும் பயப்படவில்லை. அவருக்குப் பின்னால் கத்தியோடு நெளிந்துகொண்டிருந்த சிவக்குமாரையும், கரையில் கிடந்த அறுத்த மீனையும் பார்த்து முகம் மலர்ந்தாள்.

“ஏங்க, வண்டி ஓட்டையில போன் மேல போன் போட்டா எப்படிங்க எடுக்கிறது? ஜோசியர் சொன்ன பரிகாரத்தை நீங்க கைகாட்டுன இதே குளத்துலதான் வாராவாரம் பண்றேன். உங்க ஈரல் கொழுப்பு மீனுக்கு மாறிருச்சான்னு அறுத்தே பாத்துட்டீங்களா?”