வெளுத்துப்போன படம்

விடிந்தும் விடியாததுமாக, வாய்க்காலின் எதிர்க்கரையில் அன்றைக்கும் அவள் நின்றிருந்தாள். கழுத்தில் கேமரா. அதன் லென்ஸ் ஒரு முழத்துக்கு நீண்டிருந்தது.

இக்கரையில் நஞ்சுண்டன் தென்னை மறைவுக்கு ஒதுங்கி முணுமுணுத்தார்.

"படம் புடிக்கவா வந்திருக்கா? உளவு பாக்க வந்திருக்கா!"

பயப்படக் காரணம் இருந்தது. கிணத்துக்கடவுப் பக்கம் அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. அவருடைய தென்னைகள் மட்டை தொங்கி நின்றன. வாய்க்காலில் தண்ணீர் விட்டதிலிருந்து, நாணல் மறைவில் குந்தி, ஓஸ் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீரைத் தன் கிணற்றுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். மாட்டினால் கேஸ். அதோடு விடமாட்டார்கள், அவர் மடையையும் அடைத்துவிடுவார்கள். தோப்பே போய்விடும்.

அந்தப் பெண்ணோ லோகப்பிரியா, கடைமடைக்காரர் சென்னிமலையின் மருமகள். நஞ்சுண்டன் உறிஞ்சுவதெல்லாம் அவர்கள் காட்டுப் பயிருக்குப் போகவேண்டிய தண்ணீர். 'மேல யாரோ தண்ணி திருடறாங்க' என்று வாய்க்கால் பாசனச் சங்கக் கூட்டத்தில் சென்னிமலை மேசையைத் தட்டிக் கத்தினார். மறுநாளே மருமகள் கேமராவோடு கரைக்கு வந்தால் என்ன அர்த்தம்?

அவளை ஆழம் பார்த்துவிடலாம் என்று, பாலத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார்.

"ஏனம்மணி, இந்நேரத்துல இங்க என்ன படம்?"

"கொக்குங்க மாமா. மேனுவல் பழகறேனுங்க."

"அதென்ன கருமம்?"

"ஆட்டோவுல போட்டா வெளிச்சத்தைக் கேமராவே அளந்துக்குமுங்க. மேனுவல்ல நாமதான் அளந்து வெக்கோணும். வெள்ளைக் கொக்குதான் ரொம்பக் கஷ்டமுங்க. வெளிச்சம் கூடிப்போனா எல்லாம் வெளுத்துரும். அங்க ஆளே இருந்தாலும் தெரியாதுங்க."

'ஆளே இருந்தாலும்' என்றதும் அவருக்குச் சுருக்கென்றது.

அவள் திரையைக் காட்டினாள். கொக்கின் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. நஞ்சுண்டன் கொக்கைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த நாணலைப் பார்த்தார். அதுவும் தோகை தோகையாகத் தெரிந்தது.

"யாரு வாங்கிக் குடுத்தது?"

"எங்க மாமனாருங்க."

'அதானே பாத்தேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அப்புறம் சில நாள் அவளைக் காணோம். துணிச்சல் வந்து மறுபடியும் குழாயை எடுத்தார். வாயில் வைத்து உறிஞ்சத் தொடங்கிய நேரம், எதிர்க்கரையில் ஜீப் வந்து நின்றது.

வாய்க்கால் ஆபீசர் வரதராஜுலு. பக்கத்தில் லோகப்பிரியா.

'அடிப்பாவி, கூட்டிக்கிட்டே வந்துட்டாளா!'

நாணலுக்குள் அசையாமல் குந்தியிருந்தார். காலை நேரத்துத் தண்ணீர் மேல் பேச்சு தெளிவாக வந்தது.

"அங்க யாரோ குந்தீட்டிருக்கறான். என் போன்ல வெறும் பச்சையாத்தான் விழுகுது. உன் கேமராவுல எடும்மா. மொகம் தெளிவா வேணும். அப்பத்தான் கேஸ் நிக்கும்."

லென்ஸ் உயர்ந்தது. நாணலைத் துழாவிக்கொண்டே வந்தது. சரியாக அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"யாருன்னு தெரியுதா?"

"எடுத்துப் பாத்தாத்தானுங்க சார் சொல்ல முடியும்."

என்னவோ திருகினாள். கிளிக்.

தொலைந்தோம் என்று நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னம்மா இது, வெள்ளைக் காயிதமாட்ட இருக்குது?"

"இப்பத்தானுங்க சார் பழகறேன். வெளிச்சம் கூடிப்போச்சுங்க."

மறுபடியும் கிளிக்.

"இதுவும் வெள்ளை! ஆட்டோவுல வெச்சு எடேன்."

"அது எங்க இருக்குதுன்னே தெரியலீங்க சார். நேரா மேனுவல்லயே பழக ஆரம்பிச்சுட்டேனுங்க."

"நல்லாப் பழகுனே போ!" ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் பாலத்தை நோக்கிப் பறந்தது.

அது சுற்றிக்கொண்டு வருவதற்குள் குழாய் கிணற்றுக்குள் போய்விட்டது. நஞ்சுண்டன் தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க யாராச்சும் வந்தாங்களா?"

"நான் யாரையும் பாக்கலீங்களே."

ஜீப் போனதும் எதிர்க்கரைக்கு ஓடினார். வாயில் இன்னும் பாசி நாற்றம் போகவில்லை. சந்தேகமும் போகவில்லை.

"இதுக்கு ஈடா என்ன கேக்கப் போறே? சங்கத் தேர்தல்ல உங்க மாமனாருக்கு ஓட்டா?"

"ஒண்ணும் வேண்டாமுங்க மாமா."

"பொய் சொல்லாதே. நீ உளவு பாக்கத்தானே வந்தே?"

"ஆமாங்க. மாமனாரு அதுக்குத்தானுங்க இதை வாங்கியே குடுத்தாரு."



அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "ஜீப்பு பாலம் ஏறுனப்ப எடுத்ததுங்க."

அவருடைய தென்னைதான். காய்ந்த குருத்து. அதன் மேல் ஒரு கொக்கு. இறகு இறகாக எண்ணலாம்.

"கை பழகலேன்னு சொன்னியே அம்மணி..."

"குருத்து இவ்வளவு காஞ்சிருக்குதுன்னு கொக்கு எடுக்கறப்பவே லென்ஸ்ல பாத்துட்டேனுங்க மாமா. கை பழகலேன்னே எங்க ஊட்லயும் சொல்லிப்போடறேனுங்க."

லென்சுக்கு மூடியைப் போட்டாள்.

"ஆனா எங்க காடும் காஞ்சுதானுங்க கெடக்குது. நாளைக்கும் இதே நேரத்துக்கு இங்க வருவேன். நாளைக்கு மொகம் தெளிவா விழுந்துருமுங்க மாமா."