ஐந்தாம் மாலையின் காசு

“தாத்தா மறந்துட்டுத் திரும்பக் குடுக்கிறாரு. வாங்கிக்கிட்டா அது திருட்டா, ஜெசி?”

பண்டிகையின் முதல் மாலையில் பேத்தி நோவா கேட்டது. ஆறு வயது.

கிழவர் ஷிமோனைப் பார்த்துக்கொள்ள மார்த்தாண்டத்திலிருந்து இஸ்ரேலின் ஹைஃபாவுக்கு வந்தவள் ஜெசிந்தா. அந்த முதல் மாலையிலிருந்து பிள்ளைகளிடம் காசைத் திரும்ப வாங்கிவைக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

இன்று யூதர்களின் எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் ஐந்தாம் மாலை. விளக்கேற்றியதும் வீட்டுப் பெரியவர் பிள்ளைகளுக்குக் காசு தருவது இவர்கள் வழக்கம்.

ஷிமோன் தந்தார். நோவாவுக்கு ஒன்று. அவள் அண்ணன் இத்தாமருக்கு ஒன்று.

பத்து நிமிடம்.

“பிள்ளைங்களுக்குக் காசு குடுத்தேனா?”

கொடுத்தாயிற்று என்றால் நம்பமாட்டார். பண்டிகை நாளில் பிள்ளைகளை வெறுங்கையோடு விட்டுவிட்டேனே என்று கண் கலங்குவார்.

ஆகவே அவள் பிள்ளைகளைத் துரத்திப் பிடித்து, காசை வாங்கி, அவருடைய சட்டைப்பையில் நழுவவிட வேண்டும். அவர் கொடுப்பார். அவர்கள் நன்றி சொல்வார்கள். மறுபடி துரத்தல்.

மூன்றாம் முறை இத்தாமர் காசை வாய்க்குள் அடக்கிக்கொண்டான்.

ஐந்தாம் முறை, “ஒரே காசுக்கு எத்தனை தடவை நன்றி சொல்றது? வாய் வலிக்குது,” என்றான்.

அவர்களுடைய அம்மா ரோனித் செல்பேசியிலிருந்து தலை தூக்கவில்லை. அடுப்பில் கிழங்கு வடை கருகியது.

ஏழு முறை கொடுத்த பிறகும், “பிள்ளைங்களுக்கு…” என்றார்.

“எனக்க கர்த்தாவே! ஏழு தடவ குடுத்தாச்சு. ஒரு மனுசிய இப்பிடியா போட்டு வதைக்கியது?”

தமிழில் கத்தினாள். அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது.

குரல் தெரிந்தது.

பிள்ளைகள் முன்னால் அவர் தலை தாழ்ந்தது. பைக்குள் போன கை மெல்ல வெளியே வந்தது.

அதன்பின் அவர் கேட்கவில்லை.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ரோனித் பிள்ளைகளோடு கிளம்பினாள். இத்தாமர் இரண்டு காசையும் ஜெசிந்தாவின் கையில் திணித்தான். “நாளைக்கும் வேணுமே.”

கதவு சாத்திக்கொண்டது.

ஜன்னலில் சுடர்கள் இன்னும் எரிந்தன. கிழவரின் விரல்கள் சட்டைப்பையைத் தொட்டன, விலகின. திட்டியது மறந்துபோயிருக்கும். பயம் போகவில்லை.

அவள் பின்னால் வந்து போர்வையைச் சரிசெய்தாள். பைக்குள் ஒரு காசு விழுந்தது.

முன்னால் வந்து, தரையில் மண்டியிட்டாள். நாற்பத்தாறு வயது. முழங்கால் முறிந்தது போல் வலித்தது.

கையை நீட்டினாள்.

அவர் அவளையே பார்த்தார். பையைத் துழாவினார். காசை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

“நன்றி, தாத்தா.”

பத்து நிமிடம்.

அவர் கேட்குமுன் மறுபடி வந்து மண்டியிட்டாள்.