இடது பக்கத்து இடம்

"அந்தப் பையன் ஹாக்லண்ட், காலேஜ்ல கலக்குறான், சரி. அதுக்காக நம்ம டீம்ல தாக்குப் பிடிப்பானா?" மேனேஜர் பெல்லாமி காப்பிக் கோப்பையை டொக்கென்று வைத்தார்.

"பிடிப்பான்," என்றான் டார்சி. "நேத்து டுலூத் ஊருக்கே போய் அவன் மேட்ச்சை முழுசாப் பார்த்தேன். அவனை மாதிரி டிஃபென்ஸ் ஆட இங்க ஆளே இல்ல."

"பொடிப் பயய்யா! ஐஸ் ஹாக்கில நம்மாளுங்க ஒரு இடி இடிச்சா சுவத்தோட ஒட்டிக்குவான்."

"நேத்தும் இடிச்சாங்க. விழுந்தான். எந்திரிச்ச வேகத்துல இடிச்சவன்கிட்டயே அந்த ரப்பர் வட்டைப் பிடுங்கிட்டுப் போயிட்டான்."

"படிப்பு முடியட்டுமே. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"அதுக்குள்ள வேற டீம்காரன் கொத்திட்டுப் போயிடுவான்."

பெல்லாமி பெருமூச்சு விட்டார். "அவன் வந்தா, இடது பக்கம் ஆடுறவனை வெளிய அனுப்பணும். யாருன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியாம என்ன? அங்க ஆடுறது நான்தானே?" டார்சி கதவோரம் சாய்த்திருந்த தன் மட்டையை எடுத்துக்கொண்டு, முன்பற்கள் இல்லாத வாயால் சிரித்தான்.

"நாளைக்கே வரச் சொல்லுங்க. ஆனா நானா இடம் விடமாட்டேன். இடிச்சுத் தள்ளிட்டு வரட்டும், அன்னிக்கு இதே இடத்துல ஆடிட்டிருந்த உங்களை நான் தள்ளிட்டு வந்த மாதிரி!"