அண்டாவில் ஒரு மூடிய வாய்

“அம்மா, இந்த அண்டாவுல நின்னா வாயைத் திறந்தே ஆகணும். சும்மா நிக்கிறதுன்னா அந்தப் பக்கம் நாற்காலி போட்டிருக்காங்க, போய் உட்காருங்க!”

வேலிக் கம்பிமேல் ஏறி நின்ற ராதிம், ஒலிபெருக்கியை வாயிலிருந்து இறக்கிவிட்டுச் சொன்னான்.

ஐஸ் ஹாக்கி அரங்கில், கோல் வலைக்குப் பின்னால் ரசிகர்கள் நின்றபடியே கத்தும் இடத்துக்கு அண்டா என்று பெயர். ஆயிரம் பேர் ஒன்றாகக் கொதித்தால் வேறென்ன பெயர் வைப்பது? அந்தக் கொதி அடங்காமல் பார்த்துக்கொள்வதுதான் ராதிமின் பொறுப்பு. பதினோரு வருஷமாக ஐஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தே கோஷம் எழுப்புகிறவன். கோல் விழுந்ததா, தப்பியதா என்பதையெல்லாம் எதிரே உள்ள முகங்களில்தான் படிப்பான்.

அதனால்தான் அந்த ஒரு மூடிய வாய், சோற்றில் கல் மாதிரி அவனை உறுத்தியது.

அறுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. பச்சைக் கோட்டு. குழந்தையை அணைப்பதுபோலக் கைப்பையை மார்போடு அணைத்திருந்தார்.

“நான் கத்த வரலைப்பா,” என்றார். “கீழே என் பையன் வேலை பார்க்கிறான். இதை அவன் கையில சேர்த்தாகணும். இல்லேன்னா அவன் வேலைக்கே ஆபத்து. இதுக்காக ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். அதோ அந்த மீசைக்காரக் காவலாளி விடவே மாட்டேங்கிறான்.”

எதிர்ப் பக்கக் கதவருகே, அதே பச்சையில் கோட்டுப் போட்ட ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

“பையில என்ன? எதையாவது ஐஸ்ல வீசிடாதீங்க, தாயே! நமக்குத்தான் தண்டனை கொடுப்பாங்க.”

“வீசுறதாவது! உடைஞ்சுபோயிடும்.”

“பையன் என்ன வேலை? ஐஸ் தேய்க்கிற வண்டி ஓட்டுறாரா?”

அவர் பதில் சொல்வதற்குள் அண்டா ஊளையிட்டது. ராதிம் பறைக்காரன் மிலோஷைப் பார்த்தான்.

“என்னடா ஆச்சு?”

“அநியாயம்டா! நம்ம எட்டாம் நம்பர் ஒருத்தனை இடிச்சான். சரி, தப்புதான். ஆனா நடுவர் மூணாம் நம்பரை வெளியே போகச் சொல்றான்! மூணு இன்னும் பெஞ்சுல உட்கார்ந்து தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்காண்டா!”

கோல் கணக்கு இரண்டுக்கு இரண்டு. இன்னும் ஆறே நிமிஷம். இன்றைக்குத் தோற்றால் ஊர் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். மூன்றாம் நம்பர்தான் கோல் போடுகிற ஒரே ஆள்.

“அண்டா! எல்லாரும்!” என்று ராதிம் அலறினான்.

“நடுவரே! நடுவரே! கண்ணாடி எங்கே?”

டம், டம், டம்.

“நடுவரே! நடுவரே! கண்ணாடி எங்கே?”

கூரை அதிர்ந்தது. நாற்காலிப் பக்கத்துக் கனவான்கள்கூட எழுந்து கத்தினார்கள். அந்த அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்பவுமா வாய் வரலை?” ராதிமுக்கு அழாத குறை. “ஊரே போகுது தாயே! உங்க ஒரு குரல் கூடினா என்ன குறைஞ்சிடும்?”

“அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானேப்பா.”

“அந்தத் தாயைத்தான் நானும் தேடுறேன்!” ராதிம் ஒலிபெருக்கியை வாயில் வைத்தான். “அண்டா! இவனைப் பெத்தவ சின்ன வயசுல ஒரு கேரட்கூட ஊட்டலையாடா?”

ஆயிரம் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த அம்மாவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு பீட்ரூட்டாகச் சிவந்தது. உதடு துடித்தது. அதைப் பார்த்த ராதிமுக்கு நம்பிக்கை பிறந்தது. கல்லும் கரையப்போகிறது!

“இன்னொரு தடவை! இந்தத் தடவை அம்மாவுக்காக!”

“நடுவரே! நடுவரே! கண்ணாடி எங்கே?”

வழக்கமாக இந்த இடத்தில் பறை மூன்று தட்டுத் தட்டும். ஆனால் மிலோஷின் கை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த அம்மா பையைத் திறந்து, ஒரு சின்னப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். அதுவரை மூடியிருந்த வாயிலிருந்து வந்த குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

“இங்கே இருக்குடா! காலையில சாப்பாட்டு மேசையிலேயே வச்சிட்டு ஓடி வந்துட்டியே! கிலோ கிலோவா கேரட் ஊட்டினவளை இத்தனை பேர் பேசும்படி பண்ணிட்டியேடா, பாவி!”

அரங்கம் மூச்சடங்கியது. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ராதிம் ஐஸ் பக்கம் திரும்பிப் பார்த்தான். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் நின்ற நடுவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, நேராக எதிர்ப் பக்கம் சறுக்கிப் போய், பச்சைக் கோட்டுப் போட்ட அந்த மீசைக்காரக் காவலாளியிடம் கையை நீட்டி, “மன்னிச்சுக்கோம்மா” என்றார்.